உன் கடிதம் கிடைத்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுத்தான் கண்ணில் பட்டது. முத்திரையைப் பார்த்தால் போட்டுப் பதினெட்டு நாளாகிறது. தபால்காரர் மேல் தப்பில்லை. மனை விளம்பரம், பல் ஆஸ்பத்திரி நோட்டீஸ், அப்பா பெயருக்கு வந்த கம்பெனிக் கவர்கள் என்று சேர்ந்து போன குவியலுக்குள் கிடந்திருக்கிறது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய். நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று மனசு கேட்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறார்கள்?

ராத்திரியே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். அப்பா போய் நாலு வருஷமாகிறது, தபால் மட்டும் நிற்கவில்லை. அவர் வாங்கி வைத்த பங்குகளுக்கு முன்பு தடித்த ஆண்டறிக்கைப் புத்தகம் வரும்; இப்போது இணைய முகவரி அச்சடித்த கடிதம் வருகிறது. அவர் பெயர் இருக்கிறதே என்று கிழிக்கவும் கை வரவில்லை. பங்குகளை நாமினியான என் அம்மா பெயருக்கு மாற்ற, இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அம்மா கணக்கில் மின்னஞ்சலைப் பதிந்துவிட்டால் அந்தக் கடிதமும் நின்றுவிடும். பேப்பருக்குள் நோட்டீஸ் வைக்க வேண்டாம் என்று பேப்பர் போடும் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன்.

போனில் வரும் விளம்பரத் தொல்லைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, இடம் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்பு. பதிவு பெற்ற நிறுவனங்களின் விளம்பரங்கள் நிற்கும். ஓடிபியும் பேங்க் செய்தியும் வழக்கம்போல வரும். 2025இல் இருந்து அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தே காட்டிக் கொடுக்கிறது: 'பி' என்றால் விளம்பரம், 'ஜி' என்றால் அரசு. ஆனால் நம்பரைக் கொடுப்பதே நாம்தானே! ஜவுளிக்கடையில் பில் போடும்போது கேட்டால் இப்போது தர முடியாது என்கிறேன். நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023லேயே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. நீயும் தயங்காதே.

ஆபீஸில்தான் பெரும்பாடு. ஒருவருக்கு வாழ்த்துச் சொல்ல நாற்பது பேருக்கும் 'ரிப்ளை ஆல்' போடுகிறார்கள். அதை நிறுத்தச் சொல்லி மேலாளரிடம் பேசினேன், கொஞ்சம் குறைந்திருக்கிறது. நானே எப்போதோ பதிந்த நிறுவனங்களின் மெயில்களை 'அன்சப்ஸ்க்ரைப்' அழுத்தி விலக்கினேன். ஊர் பேர் தெரியாதவன் அனுப்பியதில் மட்டும் அதை அழுத்தாதே. இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஸ்பேம் என்று குறித்துவிட்டால் போதும்.

அப்புறம், அப்பா கடிதம் குத்தி வைக்கும் கம்பி ஞாபகமிருக்கிறதா? பரணில் கிடந்தது. துடைத்து, காலண்டர் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். உன் கடிதம்தான் முதலில். உன் அம்மாவை டாக்டர் மறுபடி என்றைக்கு வரச் சொன்னார் என்று எழுது, அன்றைக்கு லீவு போட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்