துணை மருத்துவப் படிப்பில் சேருமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகளை 'லேப் டெக்னீசியன் படிப்பிலாவது சேர்த்துவிடலாம்' என்று பெற்றோர் பலர் பேசக் கேட்கிறேன். முப்பது ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றிய எனக்கு அந்த 'ஆவது' வேதனை தருகிறது.

ஊசியில் எடுத்த ரத்தத்தை அவசரத்தில் குழாய்க்குள் வேகமாகப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம், ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தில் கலந்துவிடும். நோயாளியின் உடம்பில் பொட்டாசியம் சரியாகவே இருந்தாலும், இதயத் துடிப்பையே பாதிக்கும் அளவுக்கு அது கூடிவிட்டதாக முடிவு வரக்கூடும். சுழற்றி எடுத்த சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் சிவந்திருப்பதைக் கண்டு, 'இந்த ரத்தம் உதவாது, மறுபடி எடுத்து அனுப்புங்கள்' என்று வார்டுக்குச் சொல்பவர் ஆய்வக நுட்புநர்தான். அவர் கவனிக்கத் தவறினால், இல்லாத நோய்க்கு மருந்து ஏறும். ரத்த வங்கியில் நள்ளிரவில் பொருத்தம் பார்ப்பவரின் பொறுப்பு இதைவிடவும் பெரிது.

இத்தகைய தேர்ச்சி, மருத்துவமனை வாசலையே மிதிக்காமல் ஆறு மாத வகுப்பில் பெறும் சான்றிதழால் வராது. துணை மருத்துவப் பணியாளர்களுக்கென நாடாளுமன்றம் 2021-இல் இயற்றிய தேசிய ஆணையச் சட்டம், நுட்புநர் எனப்படுவோரின் பட்டயமோ பட்டமோ 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் கொண்டதாக இருக்க வேண்டும் என வரையறுக்கிறது. ஆகவே பணம் கட்டுமுன் படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது அரசு அமைப்பின் அங்கீகாரம் உள்ளது, பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கு எத்தனை படுக்கைகள் என்பவற்றைப் பெற்றோர் நேரில் சென்று விசாரிக்க வேண்டும். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் பிரிவில் சேரும் பிள்ளைக்குக் கதிர்வீச்சு அளவைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் தருவார்களா என்றும் கேட்க வேண்டும்; அதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் மகளையோ மகனையோ விட்டுவர வேண்டாம்.

எல்லாக் குடும்பங்களாலும் இப்படி அலைந்து விசாரிக்க முடியாது. எனவே, அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள், படிப்புகள், கட்டணம் ஆகியவற்றின் பட்டியலைப் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகுமுன்பே ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்.