முட்டைக்கார வீட்டுப் புள்ளைக்கு முட்டையில்லாத பிரௌனி: அண்ணிக்கு ஒரு கடிதம்

அண்ணி,

நல்லா இருக்கீங்களா, பாப்பா அழுகாம ஸ்கூலுக்கு போறாளா. இத வாய்ஸ் நோட்டா போட்டுறலாம்னுதான் இருந்தேன், ஆனா நீங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருந்தா ஸ்பீடா ஓடவிட்டு கேட்டுட்டு “ம் சரி”ன்னு ஒரு மெசேஜ் போட்டு முடிச்சுருவீங்க, அதான் உக்காந்து எழுதறேன். எல்லாரும் பாக்கற மாதிரி ஏன் எழுதறேன்னா, நம்ம பாப்பா மாதிரி முட்டை ஒத்துக்காத புள்ளைய வச்சுட்டு பர்த்டே பார்ட்டிக்கு போய் ஓரமா நிக்கிற அம்மாக்கள் நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கும் ஆகட்டுமே.

மொதல்ல ஒரு மன்னிப்பு. போன வருஷம் பாப்பா பொறந்தநாளுக்கு கோயமுத்தூர்லேர்ந்து நான் வாங்கிட்டு வந்த கேக்கு. டப்பா மேல பெருசா பச்சை எழுத்துல எக்லெஸ்னு போட்டுருந்துச்சு. நீங்க ரெண்டு தடவ கேட்டீங்க, “நல்லா விசாரிச்சியா”ன்னு. நான்தான் பெரிய இவளாட்டம் “அட எழுதியே இருக்குங்க அண்ணி, அப்படியே கொஞ்சூண்டு பட்டாலும் என்ன ஆயிரப்போகுது”ன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துல புள்ளைக்கு உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பா வந்து, அண்ணன் லுங்கியோட காரை எடுத்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அடுத்த நாள் அந்த கடைக்கு ஃபோன் பண்ணுனேன். “மாவுல முட்டை போடறதில்லைங்க மேடம், முட்டை கேக்குக்கும் இதுக்கும் அடிக்கற பீட்டரும் ட்ரேயும் ஒண்ணுதான், ஆனா கழுவிட்டுத்தான் போடுவோம்”னு சாவகாசமா சொன்னாங்க. சைவம் சாப்பிடறவங்களுக்கு எக்லெஸ்னா ஒரு அர்த்தம், நம்ம புள்ளைக்கு வேற அர்த்தம்னு எனக்கு அன்னைக்குத்தான் மண்டைல ஏறுச்சு. நீங்க அன்னைக்கு என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

அதுலேர்ந்து ஒரு வைராக்கியம், பாப்பாவுக்கு என் கையால ஒரு பிரௌனி, கடைல மத்த புள்ளைங்க திங்கறாங்களே அதே மாதிரி, மேல மினுமினுன்னு மெல்லிசா ஒரு தோலு, உள்ள பிசுபிசுன்னு ஈரமா. நாமக்கல்ல பொறந்து, அப்பா காலத்துலேர்ந்து முட்டை வியாபாரம், காலைல பேப்பர் வந்தா மொதல்ல நாமக்கல் மண்டல முட்டை விலையத்தான் பாக்கற குடும்பம், அந்த வீட்டு புள்ளைக்கே முட்டை ஒத்துக்காதுன்னு கடவுள் எழுதி வச்சுருக்கான் பாருங்க, அவனுக்கும் நக்கல் ஜாஸ்திதான்.

எட்டு மாசம் ஆச்சுங்கண்ணி. வீட்டுக்காரர் மூணு கிலோ ஏறிட்டாரு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

மொதல்ல எல்லாரும் சொல்ற தயிரும் சோடாவும் போட்டேன். பஞ்சு மாதிரி உப்பி வந்துச்சு, நல்ல சாக்லெட் கேக்கு, ஆனா பிரௌனி இல்ல. கண்டென்ஸ்டு மில்க் போட்டாலும் அதே கதைதான், கூட ஒரு பால்கோவா வாசம். பாப்பாவுக்கு பால் ஒத்துக்கும்கறதால அதுல தப்பில்ல, ருசிதான் வேற பக்கம் போயிருது. அப்பறம் வாழைப்பழம். நல்லா கனிஞ்ச பூவன் பழத்தை மசிச்சு போட்டேன், மாமியார் ஒரு துண்டு வாய்ல போட்டுட்டு “அப்பம் நல்லாருக்கு”ன்னாங்க. அதோட வாழைப்பழத்துக்கு ஒரு கும்பிடு.

அப்பறம்தான் உக்காந்து யோசிச்சேன், முட்டைக்கு பதிலா என்னன்னு கேக்கறதே தப்பு, பிரௌனிக்குள்ள போய் முட்டை என்ன வேலை பாக்குதுன்னு கேக்கணும். ஓட்ட எடுத்துட்டா ஒரு முட்டை ஏறக்கொறைய 50 கிராம், அதுல முக்கால் பங்கு வெறும் தண்ணி. மிச்சம் இருக்கற புரோட்டீன் சூடு 60, 70 டிகிரி தாண்டறப்ப கெட்டியாகி எல்லாத்தையும் சேத்து புடிக்குது, மஞ்சக்கருல இருக்கற லெசித்தின் வெண்ணையவும் தண்ணியவும் சண்ட போடாம வச்சுக்குது, வெள்ளைக்கரு சக்கரையோட சேந்து அடிபட்டு மேல அந்த மினுமினு தோல குடுக்குது. செட்டிநாட்டு வீட்டு சுவரு கண்ணாடி மாதிரி இருக்கே, அந்த பூச்சுலயும் வெள்ளைக்கரு சேப்பாங்க, அந்த சமாச்சாரம் ஞாபகம் வந்துச்சு எனக்கு. சுவத்துல மினுங்கறதும் அதே வெள்ளைக்கருதான், பிரௌனி மேல மினுங்கறதும் அதேதான். ஆக இத்தனை வேலையவும் ஒத்த ஆளு பாத்துட்டு இருந்திருக்கான், அவன அனுப்பிட்டு அந்த எடத்துக்கு ஒரே ஒரு ஆள தேடுனா எப்படி கெடைக்கும், ரெண்டு பேரை வைக்கணும்.

ஒருத்தன், சேத்து புடிக்கறவன், ஆளி விதை. ஃப்ளாக்ஸ் சீட்ஸ்னு உங்க ஊரு சூப்பர் மார்க்கெட்லயே கெடைக்கும். நான் மொதல் தடவ முழு விதையவே ஊறப்போட்டு போட்டேன், பல்லுல மாட்டுனதுதான் மிச்சம். மிக்சில பொடி பண்ணணும். ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பொடி, மூணு டேபிள்ஸ்பூன் வெந்நீர், கலந்து கால் மணி நேரம் வச்சா வெண்டைக்காய் நறுக்குன கத்தி மாதிரி கொழகொழன்னு இழுக்கும். அந்த கொழகொழப்பு விதையோட மேல்தோல்ல இருக்கற சங்கதி, அதான் மாவ புடிச்சு வைக்குது. ஆனா ஆசைப்பட்டு ரெண்டு மூணு பங்கு போட்டுறாதீங்க, நான் போட்டு பாத்தேன், நடுவுல களி மாதிரி ஆயிருச்சு. இன்னொண்ணு, பொடி பண்ணி வெளிய வச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்துரும், அதுல நெறைய எண்ணெய் இருக்கு. கொஞ்சமா அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, மீன் மாதிரி ஒரு வாடை வந்துச்சுன்னா யோசிக்காம கொட்டிருங்க.

இன்னொருத்தன் யாருன்னு சொன்னா சிரிப்பீங்க. கொண்டைக்கடலை வேக வச்ச தண்ணி! நம்ம அம்மா அந்த தண்ணிய ஒரு நாளும் கீழ ஊத்தமாட்டாங்க, ரசத்துல சேத்துருவாங்க. அதையே முட்டை வெள்ளைக்கரு மாதிரி அடிச்சா நுரை வரும்னு 2014ல ஜோயல் ரோசெல்னு ஒரு பிரான்ஸ்காரர் கண்டுபுடிச்சு வெளிய சொல்லிருக்காரு, அவரு சமையல்காரர் கூட இல்ல, பாட்டு பாடறவரு. அடுத்த வருஷமே அமெரிக்கால ஒரு சாஃப்ட்வேர்காரர் அதுக்கு அக்வாஃபாபான்னு பேரு வச்சாரு, லத்தீன்ல தண்ணி, பயறு, அவ்வளவுதான் அர்த்தம். கடலைலேர்ந்து கொஞ்சம் புரோட்டீனும் மாவுச்சத்தும் தண்ணில எறங்கிருது, அதான் காத்த புடிச்சு வைக்குது.

இதுல நான் வாங்குன அடி ஒண்ணு சொல்லியே ஆகணும். வெள்ளிக்கெழம சுண்டலுக்கு வேக வச்ச தண்ணி இருக்கேன்னு அப்படியே எடுத்து அடிச்சு பிரௌனி போட்டேன். உப்பு போட்டுத்தானே வேக வச்சேன், கூட ஒரு சிட்டிகை பெருங்காயம் வேற. பெருங்காய பிரௌனி அண்ணி. எங்க வீட்டு நாய் கூட மோந்து பாத்துட்டு போயிருச்சு.

சரியான முறை இப்படி. ஒரு டம்ளர் கடலைய ராத்திரி ஊற வச்சு, ஊறுன தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணி கடலைக்கு மேல ஒரு விரக்கட்டை நிக்கற அளவுக்கு மட்டும் ஊத்தி, உப்பு இல்லாம குக்கர்ல அஞ்சாறு விசில். ஆறுனதும் கடலையோடவே ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வச்சு அப்பறம் வடிங்க. நம்ம குக்கர் தண்ணி நீத்தமாத்தான் இருக்கும், அத அடுப்புல வச்சு சுண்ட விட்டு, ஆறுனப்பறம் பாத்தா வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு ஒழுகணும், அதான் பதம். மூணு டேபிள்ஸ்பூன் ஒரு முட்டைக்கு சமம். மிச்சத்தை ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல போட்டுக்கலாம். கடலைய சுண்டல் பண்ணிக்கோங்க, அதுக்கு உப்பு அப்பறம் போட்டா போச்சு.

இனி பிரௌனி. ஏழு இஞ்ச் சதுர ட்ரேக்கு அளவு சொல்றேன், தராசுல போடுங்க, கண்ணளவு இதுல ஆகாது. 150 கிராம் டார்க் சாக்லெட், 100 கிராம் வெண்ணெய், ரெண்டையும் கொதிக்கற தண்ணி பாத்திரத்து மேல கிண்ணத்தை வச்சு உருக்கிக்கோங்க. சாக்லெட் வாங்கறப்ப பின்னாடி திருப்பி பாருங்க, கோகோ பட்டர்னு இருக்கணும், வெஜிடபிள் ஃபேட்னு இருந்தா அது காம்பவுண்டு, வெல கம்மி, ஆனா இதுக்கு வேண்டாம். ஏன்னா முட்டை இல்லாத பிரௌனி பாதி நிக்கிறதே ஆறுனப்பறம் அந்த கோகோ பட்டர் எறுகி புடிக்கறதுலதான். பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புல ஊடுபயிரா வெளையற கோகோலயே இப்ப நல்ல சாக்லெட் பண்றாங்க, நான் அதத்தான் வாங்குனேன்.

சுண்டுன கடலை தண்ணி நாலு டேபிள்ஸ்பூன், நாலு சொட்டு எலுமிச்சம்பழ சாறு, ஹேண்ட் பீட்டர்ல அடிங்க. மொதல்ல சோப்பு நுரை மாதிரி இருக்கும், அஞ்சு நிமிஷம் ஆனா வெள்ள வெளேர்னு கெட்டியாகும், அப்ப மிக்சில பொடிச்ச சக்கரை 180 கிராம், ஒவ்வொரு ஸ்பூனா போட்டு அடிச்சுட்டே இருங்க, ரெண்டு விரல்ல எடுத்து தேச்சா நறநறன்னு இருக்கக்கூடாது. இங்கதான் அந்த மினுமினு தோலோட சூட்சுமம் இருக்கு, சக்கரை முழுசா கரைஞ்சுருந்தாத்தான் வரும், அவசரப்பட்டா மேல வெறும் மண்ணு மாதிரி வரும். அப்பறம் வெதுவெதுன்னு இருக்கற சாக்லெட்டையும், கொழகொழன்னு ஊறுன ஆளி விதை ஒரு பங்கும் ஊத்தி கலக்குங்க. நுரை பொசுக்குன்னு அடங்கும், கொழுப்பு பட்டா அடங்கத்தான் செய்யும், பயப்படாதீங்க, நமக்கு உப்பணும்னு இல்லையே. 110 கிராம் மைதா, 35 கிராம் கோகோ பவுடர், கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் இன்ஸ்டன்ட் காப்பி தூள் (காப்பி தெரியாது, சாக்லெட்டை தூக்கி குடுக்கும்) சலிச்சு போட்டு கரண்டியால மெதுவா பெரட்டுங்க, மாவு மறைஞ்சதும் நிறுத்திருங்க. 170 டிகிரில முன்னாடியே சூடு பண்ணுன ஓவன்ல 25 நிமிஷம், ஓவனுக்கு ஓவன் ரெண்டு மூணு நிமிஷம் முன்ன பின்ன ஆகும். ஓரம் எறுகி, ட்ரேய ஆட்டுனா நடு லேசா ஆடணும், அப்ப எடுத்துருங்க. குச்சி விட்டு பாக்கற கதையெல்லாம் கேக்குக்கு, இதுல குச்சி சுத்தமா வந்துச்சுன்னா பிரௌனி காஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

இப்பதான் கஷ்டமான வேலை. தொடக்கூடாது. சூட்டோட வெட்டுனா வேகாத மாவு மாதிரி இருக்கும், “சொதப்பிட்டா”ன்னு நெனப்பீங்க. ட்ரேயோட ஆற விட்டு, ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சு, காலைல கத்திய சுடுதண்ணில நனைச்சு தொடச்சுட்டு வெட்டி பாருங்க. நாலாவது தடவைலதான் எனக்கு அந்த பொறுமை வந்துச்சு. மொத மூணு தடவையும் ராத்திரி பத்து மணிக்கு ஸ்பூனோட நின்னுட்டு இருந்தவ நானு.

பாப்பா கேட்டான்னா சொல்றதுக்கு ஒரு கதை. 1893ல சிகாகோல பெரிய கண்காட்சி நடந்துச்சு, சேதுபதி ராஜா தூண்டி விட்டு விவேகானந்தர் கப்பலேறிப் போய் பேசுனாரே, அதே வருஷம் அதே ஊரு. அந்த கண்காட்சிக்கு வர்ற பொம்பளைங்க சாப்பாட்டு டப்பாவுல வச்சு கையில எடுத்து திங்கற மாதிரி சின்னதா ஒரு பலகாரம் வேணும்னு பெர்த்தா பால்மர்னு ஒரு அம்மா கேட்டு, பால்மர் ஹவுஸ் ஹோட்டல் சமையல்காரங்க பண்ணி குடுத்ததுதான் பிரௌனின்னு அந்த ஹோட்டல்ல இன்னைக்கும் சொல்றாங்க. டிபன் பாக்ஸ்ல வைக்க பொறந்த பலகாரம், நம்ம பாப்பா டிபன் பாக்ஸுக்கு வராம இருந்தா எப்படி.

அண்ணன் போன வாரம் ஃபோன்ல “நல்லா வேக வச்ச முட்டைன்னா சில புள்ளைங்களுக்கு ஒத்துக்குமாம்ல, கேக்குல கொஞ்சம் போட்டு பாக்கலாமா”ன்னு கேட்டாரு. நெசம்தான், நெறைய புள்ளைங்களுக்கு ஒத்துக்கும், ஆனா அத டாக்டர் முன்னாடி ஆஸ்பத்திரில வச்சுத்தான் குடுத்து பாக்கணும், நம்ம சமையலறைல இல்ல. நான் சொன்னா தங்கச்சி பேச்சுன்னு தள்ளிருவாரு, நீங்க சொல்லுங்க. அதே மாதிரி கடைல எது வாங்குனாலும் பச்சை புள்ளிய மட்டும் பாத்துட்டு வாங்காதீங்க, அது முட்டைய சேக்கலன்னு சொல்லும், அதே மெஷின்ல முட்டை ஓடுச்சா இல்லையான்னு சொல்லாது. கீழ பொடி எழுத்துல அலர்ஜி பத்தி ஒரு வரி இருக்கும், அதத்தான் படிக்கணும். பன்னு, பப்ஸு மேல பளபளப்புக்கு முட்டை தடவற கடைங்க இருக்கு, அங்க வாய விட்டு கேட்டுருங்க.

ஞாயித்துக்கெழம வர்றேன். பிரௌனி ட்ரேயோடவே கொண்டு வர்றேன், புது ட்ரே, புது பீட்டர், புது கரண்டி, மூணும் இதுக்குன்னே வாங்குனது, மூணும் பாப்பாவுக்குத்தான். உங்க வீட்டுலயே மேல் ஷெல்ஃபுல வச்சுக்கோங்க. அண்ணன்கிட்ட மட்டும் கண்டிப்பா சொல்லிருங்க, ராத்திரி பசிக்குதுன்னு அந்த ட்ரேய எடுத்து ஆம்லெட் ஊத்துனாருன்னா நான் நாமக்கல்லுக்கே வரமாட்டேன்.

உங்க நாத்தனார்