மூன்றாம் மாடிக்கும் ஏறி வரும்

மட்டக்களப்பு
கார்த்திகை மாதம், விடாத மழை

அன்பு மகன்,

நீ அனுப்பிய அறைப் படத்தை அப்பாவும் நானும் மூன்று தரம் பார்த்தோம். அப்பா கட்டிலைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலைப் பார்த்தார், மேசையில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்து "பிள்ளை மறக்கவில்லை" என்று சந்தோஷப்பட்டார். என் கண் போய் நின்றது ஜன்னலோரத்துப் போத்தலில். போத்தலுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் மணி பிளான்ட் கொடி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுகாதார வேலைக்காக 31 வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிப் போத்தல்களுக்குள் எட்டிப் பார்த்தவள் நான். இதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படி நித்திரை வரும்?

"மூன்றாம் மாடிக்கு நுளம்பு வராது அம்மா" என்று தொலைபேசியில் சொன்னாய். வரும் மகன். ஆள் ஏறுகிற இடத்துக்கெல்லாம் அதுவும் ஏறும். ஏறிவிட்டால் கீழே இறங்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. குடிக்க உன் இரத்தம் இருக்கிறது, முட்டையிட உன் போத்தல் இருக்கிறது. டெங்குவைப் பரப்புகிற ஈடிஸ் நுளம்பு தூரம் பறக்கிற சாதி அல்ல, பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே அதன் வாழ்வு முடிந்துவிடும். அதனால் உங்கள் கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாயின் மேல் பழியைப் போடாதே. உன்னைக் கடிக்கிற ஈடிஸ் உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தெளிந்த தண்ணீரில் பிறந்தது. கடிப்பதும் இரவில் அல்ல. காலையில் நீ சப்பாத்துப் போடும் நேரம், பின்னேரம் வேலை முடிந்து வந்து சாயும் நேரம்.

வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் ஓர் ஆச்சி இருந்தார். அவர் வளவைக் கூட்டி முடித்தால் மணலில் விளக்குமாற்றுக் கோடு தவிர ஒரு சருகும் கிடக்காது. நானும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தம்பியும் படலையைத் திறந்ததுமே, "என் வீட்டிலா நுளம்பு?" என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டுக் குசினிக்குள் போனேன். சாப்பாட்டு அலுமாரியின் நான்கு கால்களும் நான்கு சிரட்டைத் தண்ணீரில் நின்றன. எறும்பு ஏறாமல் இருக்க அப்படி. கவனமாக ஒரு சிரட்டையை எடுத்து, பையிலிருந்த வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

முட்டையிலிருந்து வந்த நுளம்புப் புழுக்கள், குடம்பிகள், தண்ணீர் மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் கை நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. கையை எடுத்ததும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆச்சியின் பேரப்பிள்ளைகள் நான்கு பேரும் கிண்ணத்தைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். கையை நீட்டுவதும் எடுப்பதும், மேலே வந்ததும் கத்துவதும், ஒரே கொண்டாட்டம். ஆச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுகளையா மிஸ்ஸி நான் வீட்டுக்குள் வைத்து வளர்த்தேன்?" என்றார். அடுத்த கிழமை போனபோது சிரட்டைகளில் அடுப்புச் சாம்பல் இருந்தது. பிள்ளைகள் அயல் வீடுகளில் பூச்சாடித் தட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் கணக்குச் சொன்னார்கள். சட்டமும் தண்டப்பணமும் தேவைதான். ஆனாலும் அந்த வெள்ளைக் கிண்ணம் செய்கிற வேலையை அவை செய்து நான் பார்த்ததில்லை.

போத்தல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் போதும் என்று நினைத்துவிடாதே. முட்டை தண்ணீருக்குள் மிதப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். கசகசாவை விடச் சிறிய கறுப்புப் புள்ளி. காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை இறக்கை முளைத்துப் பறக்க ஒரு கிழமையிலிருந்து பத்து நாள் வரை எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தரம் தூரிகை போட்டு உரசிக் கழுவினால் அதை நாம் முந்திவிடுவோம். அந்தக் கொடியை மண் சாடியில் நட்டுவிட்டால் இன்னும் நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் கீழே தண்ணீர் வடியும் தட்டு ஒன்று இருக்கும். அதை உங்கள் அறையில் ஒருவரும் இதுவரை பார்த்திருக்க மாட்டீர்கள். பாருங்கள்.

எங்களுக்கு ஒரு மாரிதான். கொழும்பில் உனக்கு வைகாசி, ஆனியிலும் ஒரு மழை இருக்கிறது. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததை நீ பாடசாலைப் பிள்ளையாக இருந்து பார்த்தவன். ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

ஆனால் மகன், நுளம்பிடம் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம் என்று நினைக்காதே. உன் அக்காவுக்கு நான்கு வயதில் மலேரியா வந்தது. நடுங்கி நடுங்கிக் கட்டிலே ஆடியது. கசப்புக் குளிசையை வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தால், பழத்தைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பிவிடுவாள். அந்த நாட்களில் காய்ச்சல் என்று வந்த ஒவ்வொருவரின் விரலிலும் குத்தி இரத்தம் எடுத்தோம், வீட்டுச் சுவர்களுக்கு மருந்து அடித்தார்கள், வலை கொடுத்தோம். போர்க் காலத்திலும் அது நிற்கவில்லை. இந்த மண்ணிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அன்று நான் பால்சோறு சமைத்தேன், நினைவிருக்கிறதா? யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாய்.

உன் அம்மம்மா வைகாசிச் சடங்குக்கு என்னைக் கூட்டிப்போவார். வெக்கையோடு வரும் நோயெல்லாம் தணிய வேண்டும் என்று கண்ணகை அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடும்போது அவர் கண் கலங்கும். இன்றும் எனக்கு அப்படித்தான். சடங்குக்குச் சில நாள் முன்னர் கோயில் கிணற்றுக்குக் குளோரின் போட, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரே எங்களுக்கு ஆள் அனுப்புவார். இரண்டையும் ஒரே மனதோடு செய்கிற ஊர் இது. இதைக் குறைவாகப் பேச யாரையும் நான் விடமாட்டேன்.

அப்பா படுவான்கரை வயலுக்குப் போய்வருகிறார். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க, சேற்றில் இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் பரிசோதகர் கொடுத்திருக்கிறார். "காலில் காயமில்லையே" என்று அப்பா தினமும் ஒரு வாதம் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் நின்று, விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன். அவருக்குச் சிரிப்பு, எனக்கு நிம்மதி.

உனக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் என்னிடம் சொல். போன முறை போல் மூன்று நாள் கழித்து அல்ல. பரசிட்டமோல் மட்டும் போடு. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினக் தொடாதே. மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். ஜீவனி உப்புக் கரைசல், கஞ்சி, இளநீர் குடி, சிவப்பு நிறப் பானம் வேண்டாம். வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று தெரியாது. பப்பாசி இலைச் சாறு யாராவது தந்தால், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதே. எல்லாவற்றிலும் முக்கியம் இது: காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். "விட்டுவிட்டது" என்று வேலைக்குக் கிளம்பிவிடாதே. வயிற்று வலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, கை கால் குளிர்வது, எங்காவது இரத்தம் கசிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

வெள்ளிக்கிழமை புகையிரதத்தில் மாமா வருகிறார். வறுத்த முந்திரிகையும் இறால் பொரியலும் கொடுத்துவிடுகிறேன். அதே பையில் நீளப் பிடி வைத்த போத்தல் தூரிகை ஒன்றும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் படம் எடுத்து அனுப்பு. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து எடு.

அன்புடன்,
அம்மா