தலையை எண்ணிப் பிரிக்கிறார்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? பெரியவள் பள்ளி ஓட்ட அணியில் சேர்ந்ததைச் சொன்னதும், "அங்கே ஜோனல் எல்லாம் எப்படி நடத்துகிறார்கள்?" என்று கேட்டீர்கள். காலமெல்லாம் பி.டி. வாத்தியாராக இருந்தவருக்குப் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரில் 14, 17, 19 என்று வயதை வைத்துப் பிரிப்போம். டெக்சாஸில் முதலில் பார்ப்பது உயர்நிலைப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை. யூ.ஐ.எல். என்றொரு அமைப்பு. 1910-ல் விவாதப் போட்டி நடத்தத்தான் தொடங்கினார்கள், இன்று விளையாட்டும் அதன் கையில். பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை ஆறு பிரிவாக வைத்திருக்கிறது. 2024-ல் பிரித்தபோது 2,275 பிள்ளைகளும் அதற்கு மேலும் இருந்தால் 6ஏ. 105-ஐத் தொடாத பள்ளி 1ஏ. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து டிஸ்ட்ரிக்ட் போடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எண்ணி, பிப்ரவரியில் பட்டியலை வெளியிடுகிறார்கள். அன்றைக்குக் கோச்சுகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். யார் எந்த டிஸ்ட்ரிக்டில் விழுந்தார்கள் என்று பார்த்த கையோடு, டிஸ்ட்ரிக்டுக்கு வெளியே ஆடும் ஆட்டங்களுக்கு எதிரணி பிடிக்கப் போனை எடுத்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1ஏ. பதினொரு பேர் தேறாத பள்ளி என்பதற்காகக் கால்பந்தை விடுவதில்லை. இவர்கள் கையால் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தை அணிக்கு ஆறு பேராக, 80 கெஜ மைதானத்தில் ஆடுகிறார்கள். மேற்கே ஒரு சிற்றூரில் பார்த்தேன். இடைவேளையில் தோள்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு பையன் டிரம்பெட்டோடு பேண்டில் வந்து நின்றான். வாசித்து முடித்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி ஆட ஓடினான். தன் அளவுப் பள்ளிகளோடுதான் மோதுகிறான் என்பதால், அவனுக்கும் மாநிலச் சாம்பியன் பட்டம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் பள்ளிப் பிள்ளைகள் வருடா வருடம் டவுனின் பெரிய பள்ளியிடம் முதல் சுற்றிலேயே தோற்று பஸ் ஏறியது அப்போது நினைவுக்கு வந்தது. திறமையில் அவர்கள் குறைந்தவர்களா என்ன? பொறுக்கி எடுக்கப் போதுமான பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான்.

இதிலும் ஓட்டை உண்டு. தலையை எண்ணுகிறார்களே தவிர பணத்தை எண்ணுவதில்லை. ஆலன் என்ற ஊரில் பள்ளி அணிக்கு 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைச் சுமார் 6 கோடி டாலரில் கட்டி, 2012-ல் திறந்தார்கள். நகரத்து ஏழைப் பள்ளியும் பிள்ளைகள் அதிகம் என்றால் அதே 6ஏ-தான். மேற்கே ஊர்கள் தூரம் தூரமாக இருப்பதால், டிஸ்ட்ரிக்ட் ஆட்டத்துக்கே மணிக்கணக்கில் பஸ்ஸில் போகும் பிள்ளைகளும் உண்டு.

அப்புறம், உங்களுக்குப் பிடிக்கிற சட்டம் ஒன்று, 1984-ல் இயற்றியது: பாடத்தில் தவறினால் ஆட்டம் கிடையாது. மதிப்பெண் தேறும்வரை ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

பெரியவளுக்கு டிஸ்ட்ரிக்ட் மீட் வருகிறது, 800 மீட்டர். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் ஏரியா மீட், அதிலும் நான்குக்குள் வந்தால் ரீஜனல். கடைசிச் சுற்றில் வேகத்தை விட்டுவிடுகிறாள். என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று விவரமாக எழுதுங்கள், அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள் முறை,
செல்வி