என் இடுப்ப மறுபடி வளைய வச்சவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இத எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், ஏன்னா உக்காந்து டைப் பண்ற அளவுக்கு இடுப்பு ஒத்துழைக்கல, இப்பவும் கால் மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடந்துட்டு வந்துதான் எழுதுறேன்.

நாலு மாசம் முன்னாடி தண்ணி பக்கெட்ட குனிஞ்சு தூக்கினேன், அவ்ளோதான், குறுக்குல சுளீர்னு புடிச்சு நிமிர முடியல. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல 'லாஸ் ஆஃப் லம்பார் லார்டோசிஸ்'னு ஒரு வரி. லாஸ்னு போட்டிருக்கே, எலும்புல என்னமோ போயிடுச்சு போலன்னு எனக்கு பாதி உசுரு போச்சு.

முதல் நன்றி டாக்டரம்மாவுக்கு. அந்த வரிக்கு கீழ்முதுகு வளைவு குறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம்னு படத்துல விரலால கோடு போட்டு காமிச்சாங்க, கீழ்முதுகு எலும்பு அஞ்சும் முன்பக்கமா லேசா வளைஞ்சு நிக்கணும், உங்களுக்கு ஸ்கேல் வச்சாப்ல நேரா நிக்குது, வலிக்கு பயந்து சுத்தி இருக்க தசை இறுக்கி புடிச்சிருக்கு, வலியே இல்லாதவங்களுக்கும் ரிப்போர்ட்ல இப்படி வரும், நான் பேப்பருக்கா வைத்தியம் பாக்கப்போறேன்னு கேட்டாங்க. ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு இருக்கா, உக்கார்ற இடத்துல மரத்துப்போகுதா, பாதத்த தூக்க முடியுதான்னு கேட்டுட்டு, இதுல எதுல மாற்றம் வந்தாலும் ராத்திரின்னு பாக்காம உடனே எமர்ஜென்சிக்கு வரணும்னாங்க. ரெண்டு நாளைக்கு மேல படுக்காதீங்கன்னும் சொன்னாங்க, நான்தான் கேக்காம பத்து நாள் படுத்தே கெடந்து உடம்ப மரக்கட்டை ஆக்கிக்கிட்டேன். பாக்க வந்தவங்கள்ல ஒருத்தர் ஏறி மிதிச்சு விட்டா சரியாயிடும்னார், மிதிக்காம போனதுக்கு அவருக்கும் ஒரு நன்றி.

அப்புறம் ஃபிசியோ அக்கா. முதல் நாள் சுவத்துல சாஞ்சு நிக்கச்சொல்லி இடுப்புக்கு பின்னாடி கைய விட்டு பாத்தாங்க, விரல் நுனி கூட நுழையல. மொத மூணு நாள் சும்மா குப்புற படுக்கறது மட்டும்தான், அஞ்சு அஞ்சு நிமிஷம், இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு எனக்கு கடுப்பு. அப்புறம் முழங்கைய ஊனி நெஞ்ச தூக்கறது, அப்புறம் உள்ளங்கைய ஊனி இடுப்பு தரைய விட்டு கெளம்பாம மேலுடம்ப மட்டும் தூக்கறது, தடவைக்கு பத்து, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா. நியூசிலாந்துல ராபின் மெக்கன்சின்னு ஒரு ஃபிசியோ 1956-ல தற்செயலா கண்டுபிடிச்சதாம், தலைப்பக்கம் தூக்கி வச்சிருந்த பெட்ல ஒரு நோயாளி தெரியாம குப்புற படுத்துட்டார், இவர் வந்து பதறிப்போய் கேட்டா கால் வலி விட்டுப்போச்சுன்னாராம். அக்கா எனக்கு சொன்னதும் அதான், தொடைல இறங்குற வலி மேல ஏறி இடுப்புக்கு வந்தா நல்ல சேதி, கால்ல இன்னும் கீழ போச்சுன்னா அத்தோட நிறுத்திடணும்.

ஒண்ணு சொல்லிடறேன், இத படிச்சுட்டு அப்படியே செய்ய ஆரம்பிச்சுடாதீங்க. எனக்கு பக்கத்து பெட் பெரியவருக்கு நரம்பு போற பாதை சுருங்குன கேஸ், பின்னாடி வளைஞ்சாலே அவருக்கு கால் மரத்துப்போகும், அவருக்கு நேர் எதிரா முழங்கால நெஞ்சுக்கு கொண்டுவர்ற பயிற்சி குடுத்தாங்க. ரெண்டு பேரும் குறுக்கு வலின்னுதான் வந்தோம்.

வீட்டம்மாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒரு பழைய துண்ட இறுக்கி சுருட்டி ரெண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு என் நாற்காலி முதுகுல கட்டி விட்டா, கூன் போட்டு உக்காந்தா இடுப்பு வளைவு தட்டையாயிடும்ல, அத தாங்கறதுக்கு. கடைல விக்கற குஷன் ரெண்டு வாங்கிப் பாத்தேன், இந்த துண்டு கிட்ட வரல. ஆபீஸ் நண்பர் அரை மணிக்கு ஒருக்கா எம்முன்னாடி வந்து நின்னு 'எந்திரிங்க சார்'ம்பார், மீட்டிங் நடுவுலயும். கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சு, இப்ப சொல்றேன் நண்பா, நன்றி.

கடைசியா என் மகன், எட்டு வயசு. நாலு கால்ல நின்னு ஒரு கையும் எதிர்ப்பக்க காலும் நீட்டி பத்து எண்ணுற பயிற்சி ஒண்ணு இருக்கு, இடுப்பு ஆடவே கூடாது. இவன் ஒரு டம்ளர்ல தண்ணி ரொப்பி என் முதுகுல வச்சுட்டு பக்கத்துல குந்திப்பான். மொத வாரம் தெனம் சட்டை நனையும், அவன் சிரிச்சு உருளுவான். ஏழு, ஏழே கால், ஏழரைன்னு இழுத்து எண்ணுவான் திருடன்.

போன வாரம் அக்கா மறுபடி சுவத்துல நிக்க வச்சாங்க. இடுப்புக்கு பின்னாடி கை முழுசா உள்ள போச்சு. எக்ஸ்ரே திரும்ப எடுக்கவான்னு கேட்டேன், எதுக்குன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து பையன்கிட்ட சொன்னா, 'அப்ப டம்ளர் வேணாமாப்பா?'ன்னு மூஞ்சி சின்னதாயிடுச்சு. இருக்கட்டும்டான்னு சொல்லியிருக்கேன்.