அப்பாவின் கணக்கு நோட்டு

ஏற்காடு
கார்த்திகை மாதம்

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நலம். காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. காலை பத்து மணி வரை பனி விலகுவதில்லை.

ஞாயிறு ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஆறவில்லை. கமிட்டி எலெக்ஷனுக்குக் காசு கொடுத்து ஜெயித்தவர்கள் காணிக்கைப் பையோடு நிற்பதைப் பார்க்க முடியவில்லை, இனி சர்ச்சுக்கே போகமாட்டேன் என்றாய். அப்போது பதில் சொல்லத் தெரியாமல் "சாப்பிட்டாயா" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அப்புறம் பைபிளில் மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். மொரேசா என்ற சின்ன ஊர்க்காரர் அவர். எருசலேமின் பெரிய மனிதர்களைப் பார்த்து, என் ஜனத்தின் தோலை உரித்து, எலும்பை முறித்து, பானைக்குப் போடுகிற கறிபோலத் துண்டு போடுகிறீர்கள் என்கிறார். மூன்றாம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் ஒருவரையும் விடவில்லை. தலைவர்கள் பரிதானத்துக்கு நியாயந்தீர்க்கிறார்கள், ஆசாரியர்கள் கூலிக்கு உபதேசிக்கிறார்கள், தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள். பரிதானம் என்பது பழைய சொல், அதனால் நமக்கு உறைப்பதில்லை. அந்த இடத்தில் லஞ்சம் என்று போட்டு வாசித்துப் பார். இத்தனையும் செய்துவிட்டு, "கர்த்தர் எங்கள் நடுவில் இல்லையோ? தீங்கு எங்கள்மேல் வராது" என்கிறார்களே, எனக்குப் பயம் தருவது அதுதான். ஆராதனை ஒழுங்காக நடக்கிறது, பாட்டு நன்றாக இருக்கிறது, ஆகவே எல்லாம் சரி என்று நாமும் நினைத்துக்கொள்கிறோமே.

மீகா அடுத்த வசனத்தில் சீயோன், அதாவது எருசலேம், வயல்வெளியைப்போல உழப்படும் என்றார். எசேக்கியா ராஜா அதைக் கேட்டுப் பயந்து கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணினார். கதை அதோடு முடியவில்லை. ஏறக்குறைய 100 வருடம் கழித்து எரேமியா தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று அதேபோலப் பேசியபோது, இவன் சாகவேண்டும் என்று முதலில் கூச்சல் போட்டவர்கள் ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும்தான். அப்போது மூப்பரில் சிலர் எழுந்து, மீகா இப்படித்தானே சொன்னார், எசேக்கியா அவரைக் கொன்றுபோட்டாரா என்று கேட்டார்கள். எரேமியா 26ஆம் அதிகாரம். சாப்பானின் மகன் அகீக்காமும் துணைநின்றதால் எரேமியா உயிர் தப்பினார். எவனோ ஒரு கிராமத்தான் சொன்ன வார்த்தையை யாரோ நூறு வருடம் ஞாபகத்தில் வைத்திருந்திருக்கிறார்கள் பார்.

அதே அதிகாரத்தில் உரியா என்றொருவரும் வருகிறார். அவரும் அதையேதான் சொன்னார். எகிப்துக்கு ஓடியும் யோயாக்கீம் ராஜா பிடித்துவரச் செய்து வெட்டிப்போட்டான். அதனால், நீ பேசினால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி எழுதப்போவதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ ஆறாவது படிக்கும்போது அப்பா கமிட்டியில் இருந்தார். அந்த வருடம், சர்ச்சுக்குக் காணிக்கையாக வந்த பொருட்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மிளகு, ஆரஞ்சு, பலா எல்லாம் நல்ல விலை போயின. எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பாட்டி ஒருவர், வீட்டிலிருந்த ஒரே சேவலைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா ஒவ்வொன்றையும் தன் நோட்டில் எழுதினார். பிறகு கமிட்டியில் கணக்கு வந்தபோது தொகை குறைந்திருந்தது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி நான்தான் அழுதேன். உன் ஹாஸ்டல் சீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் அவர்கள்தான் கொடுக்கவேண்டியிருந்தது. ஊரோடு ஒத்துப்போங்கள், பையன் படிப்பு கெட்டுவிடும் என்றேன். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அதுவும் பரிதானம்தான் கண்ணு. காசாக வரவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஏலம் நடக்கும்போது அப்பா உள்ளே வராமல் சில்வர் ஓக் மரத்தடியிலேயே நிற்பார். உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அரசியல்வாதிகளைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்களுக்கு இந்த வசனங்கள் சட்டென்று ஞாபகம் வந்துவிடுகின்றன. ஆனால் மீகா பேசியது தன் ஜனத்திடம், தன் ஆலயத்து ஆசாரியர்களிடம். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே தொடங்கும் என்று பேதுருவும் எழுதியிருக்கிறார். நீ வெளியே போய்விட்டால் அந்தச் சேவலுக்குக் கணக்கு கேட்க உள்ளே யார் இருப்பார்கள்? சாமுவேல் தீர்க்கதரிசி வயதான காலத்தில் ஜனங்கள் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று தானாகவே கேட்டார். அப்படிக் கேட்கச் சொல்லி உங்கள் கமிட்டியிடம் கேள். சத்தம் போடவேண்டாம், வரவு செலவை மட்டும் கேள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்.

இங்கே ஜனவரியில் சபைக்கூட்டம். இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். சேவல் விலைகூட அதில் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்து எதற்கு என்பார்கள். என்றாலும் எழுந்து நின்று வாசிக்கப்போகிறேன், என் பங்கையும் சேர்த்துத்தான்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது சேலத்தில் இறங்கிக் கடைசி பஸ்ஸுக்கு ஓடாதே, ராத்திரி மலைமேல் பனி அதிகம். காலையிலே ஏறி வா. காப்பித்தூள் அரைத்து வைக்கிறேன். நோட்டில் அப்பா எழுத்து சில இடங்களில் மங்கிவிட்டது, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நீ உட்கார்ந்து வாசித்துச் சொல்.

அம்மா