கனமாக இழுத்தால் அது நிஜ ஸ்டியரிங் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பந்தய விளையாட்டுகளுக்கென்று ஸ்டியரிங் வாங்கிப் பூட்டும் பிள்ளைகள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஸ்டியரிங் எவ்வளவு கனமாக இழுக்கிறதோ அவ்வளவுக்கு அது நிஜக் கார் என்ற நம்பிக்கை இவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. ஸ்டியரிங்கை மோட்டார் இழுக்கும் பலமான ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை நூறில் வைத்து, கை வலிக்க ஓட்டிவிட்டு, "கேம் சரியில்லை" என்று எழுந்து போகிறார்கள். பிழை கேமில் இல்லை. இழுவையைக் கூட்டக் கூட்ட, கார் கைக்குச் சொல்ல வேண்டியது அழிந்துபோகிறது.

லொஜிடெக் ஜி29 என்ற ஸ்டியரிங் இரண்டு மோட்டார்களாலும் பற்சக்கரங்களாலும் இயங்குவது. அது தரக்கூடிய உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீற்றர். கேம் 3 கேட்டாலும் 4 கேட்டாலும் கைக்கு வருவது அதே 2தான். வளைவின் நடுவே டயரின் பிடி கூடுவதும் குறைவதும் அந்த 3க்கும் 4க்கும் இடையில் நடந்தால், கைக்கு ஒரே சீரான கனம் மட்டுமே தெரியும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அசெட்டோ கோர்சா என்ற பந்தய கேமில் பெடல் அளவைக் காட்டும் சிறு பெட்டியைத் திரையில் திறந்துவைத்தால், ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் அதில் ஒரு பட்டை இருக்கும். வளைவு முழுவதும் அது சிவப்பாகவே நின்றால், இழுவையின் அளவான கெயினை ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓரக்கல்லில் ஏறும்போது மட்டும் ஒரு கணம் சிவந்து மறைந்தால் அளவு சரி. காருக்குக் கார் இது மாறும் என்பதால், ஒரு காருக்கு வைத்ததை எல்லாவற்றுக்கும் விட்டுவிடக் கூடாது. ஃபனாடெக் சி.எஸ்.எல். டி.டி. போல 5 நியூட்டன் மீற்றர் தரும் டைரக்ட் டிரைவ், அதாவது பற்சக்கரமின்றி மோட்டாரிலேயே நேரே பூட்டிய ஸ்டியரிங், வாங்கினாலும் கணக்கு இதுவேதான். எல்லை சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இப்படிக் காப்பாற்ற வேண்டிய செய்தி என்ன? முன் டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையே சிறு கோணம் விழும்போதுதான் பக்கவாட்டுப் பிடி உண்டாகிறது. சாதாரண வீதி டயரில் அந்தப் பிடி ஏறத்தாழ 6 முதல் 10 பாகைக்குள் உச்சத்துக்கு வரும். ஆனால் ஸ்டியரிங்கை நடுவுக்கு இழுக்கும் முறுக்கு அதற்கு முன்னரே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். நிலத்தில் பதிந்திருக்கும் டயர்ப் பரப்பில் பக்கவிசை தாக்கும் புள்ளி, பின்னாலிருந்து மெல்ல நடுவை நோக்கி நகர்ந்துவிடுவதே காரணம். ஆகவே முன் டயர் வழுக்கப் போவதைக் கை அறிவது ஸ்டியரிங் இளகுவதால், கனப்பதால் அல்ல. அந்த இளக்கம் வந்ததும் மேலும் திருப்பக் கூடாது. ஸ்டியரிங்கைச் சற்று நடுவை நோக்கித் திருப்பி விட்டு, அக்சிலேட்டரையும் சற்றுத் தளர்த்தினால் பிடி மீண்டும் வரும். கிளிப்பிங்கில் ஓட்டுகிறவருக்கு இளக்கம் தெரியவே தெரியாது. அவர் இன்னும் இன்னும் திருப்புவார், கார் நேரே போய்த் தடுப்பில் மோதும். அசெட்டோ கோர்சா இந்தக் கணக்கை நொடிக்கு 333 தடவை போடுகிறது, ஐரேசிங் என்ற கேம் 360 தடவை. அவ்வளவு நுட்பமாகக் கணித்ததை வெறும் மல்லுக்கட்டாக்குவது அநியாயம்.

பின்பக்கம் வழுக்கும்போது நடப்பது வேறு. ஸ்டியரிங் தானாகவே வழுக்கும் திசைக்கு ஓடும். இறுக்கிப் பிடித்து அதை மறிக்காமல் உள்ளங்கைக்குள் ஓடவிட்டு, பின் டயர் பிடிக்கும் கணத்தில் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் பிந்தினால் கார் மறுபக்கம் சுழன்றுவிடும்.

சுழற்சி அளவைச் சோதிப்பது எளிது. ஜி29 ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று. காரை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கைச் சரியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். திரையிலுள்ள ஸ்டியரிங்கும் கால் சுற்றுத்தான் திரும்ப வேண்டும். அது அரைச் சுற்றுப் போனால், கேமில் 900ம், கணினியில் ஸ்டியரிங்கை இயக்கும் மென்பொருளான டிரைவரில் 450மாக இருக்கிறது என்று பொருள். டிரைவரில் 900ஐ வைத்துவிட்டு, காருக்கு ஏற்ற எல்லையைக் கேமிடமே விடுங்கள். நம் வாகனங்களில் கியர் இடக்கையில் என்பதால் ஷிஃப்டரை மேசையின் இடப்பக்கம் பூட்டுவது நல்லது. ஹபரணை வீதியில் லொறி ஓட்டும் ஆசையுள்ள பிள்ளைக்கு யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2இன் பிரித்தானிய வீதிகள் பொருந்தும். அங்கேயும் இடப்பக்கப் போக்குவரத்துத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். நிஜக் காரில் கால் பழகுவது அழுத்தத்துக்கு. ஜி29 அளப்பதோ பெடல் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை. அதன் சுருளுக்குள் ஒரு ரப்பர்த் துண்டு இருக்கிறது. கால் அதில் முட்டியதும் புதியவர் அதையே முழுப் பிரேக் என்று நினைத்து நின்றுவிடுவார். திரையில் பட்டை பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கும். கேமின் பிரேக் அமைப்பில், கால் தாங்கக்கூடிய அழுத்தம் நூறாகும்படி மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுக்குத்தான் பணமிருக்கிறது என்றால், வலுவான ஸ்டியரிங்குக்கு முன் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடலை வாங்குங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கணினியில் அதைத் தனி யூ.எஸ்.பி.யில் செருகலாம், பிளேஸ்டேஷனில் பொதுவாக அப்படி எடுபடாது. உருளும் கதிரையில் இருந்து பிரேக்கை அழுத்தினால் கதிரைதான் பின்னே போகும். சில்லுக்கு அடியில் கட்டை வையுங்கள், அல்லது சாதாரண மரக்கதிரையைப் போடுங்கள்.

கேமின் பார்வைக் கோணத்தை அகலமாக வைத்தால் வேகம் தெரியும், தூரம் தெரியாது. பிரேக் பிடிக்கும் இடம் தவறும். 24 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர். கண்ணுக்கும் திரைக்கும் 60 சென்ரிமீற்றர் என்றால் கிடைக்கோணம் 48 பாகைதான் வரும். அசெட்டோ கோர்சா நிலைக்குத்துக் கோணத்தைக் கேட்கும். அங்கே 28 என்று போடுங்கள். முதல் நாள் குழாய்க்குள்ளால் பார்ப்பது போலிருக்கும், பிறகு கண் பழகிவிடும்.

பாவித்த ஸ்டியரிங் வாங்குகிறவர்கள் கடையிலேயே பூட்டிப் பார்க்க வேண்டும். மின்னும் யூ.எஸ்.பி.யும் கொடுத்ததும் அது தானாக இருபக்கமும் சுழன்று நடுவில் நிற்கும். அப்போது கை வைக்கக் கூடாது. பிறகு மூன்று பெடல்களையும் ஒவ்வொரு தடவை முழுவதுமாக அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது முழு அளவை அறியாது. பத்துத் தடவை வேகமாக இருபக்கமும் திருப்பியபின் நடு இடம் மாறியிருந்தால் சுழற்சியை அளக்கும் என்கோடரில் பழுது, வாங்க வேண்டாம். எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர் ஜி29 வாங்கக் கூடாது, அதற்குரியது ஜி920.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரம் இது. உப்புக் காற்றும் தூசியும் பெடலுக்குள்ளே அதன் நகர்வை அளக்கும் மாறுதடையைப் பதம்பார்த்துவிடும். கால் எடுத்த பிறகும் பிரேக் பட்டை துடித்துக்கொண்டிருந்தால் அதுதான் அறிகுறி. நேர்வீதியில் கார் இழுபடும். இணைப்பைக் கழற்றி, அடித்தட்டின் திருகுகளைத் திறந்து, மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் ஸ்பிரேயை ஒரு பீச்சு அடித்து, பெடலை இருபது தடவை முழுவதும் அழுத்தி விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் செருக வேண்டும். சமையல் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் தூசி பிடித்து முன்னதைவிட மோசமாகும். இரவு கடை பூட்டும்போது பெடலைப் பொலித்தீனால் இறுகக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். ஒரு பருத்தித் துணி போதும்.

இப்படிக்கு,
பந்தய விளையாட்டு ஆர்வலர்கள்,
உப்புவெளி, திருகோணமலை.